ஜேர்மனிச் சிவப்பு

கொட்டாஞ்சேனை, கொழும்பு
18.09.1990

என் அன்பு அக்காவுக்கும் அத்தானுக்கும்,

நான் சுகமாக இருக்கிறேன். நீங்களும் மாமியும் யோகனும் சுகமாக இருக்கக் கட்டுக்கலைப் பிள்ளையார் துணை நிற்கட்டும்.

நாளைக்குப் பயணம் என்று ராஜலிங்கம் அண்ணர் இன்று காலை வந்து உறுதியாகச் சொன்னார். லொட்ஜில் என்னோடு இன்னும் நான்கு பேர், அவர் அனுப்புகிற ஆட்கள்தான். ஒருவன் ஹேவாஹெட்டைத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை, பெயர் காளிமுத்து. மற்ற மூவரும் யாழ்ப்பாணம். எந்த வழியாகப் போகிறோம் என்று கேட்டால், "ஜேர்மனிக்குத்தானே, வழியை நான் பார்க்கிறன்" என்கிறார். ஏஜென்சிக்காரர் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்களாம்.

அக்கா, இருபத்து மூன்று நாள் நான் உள்ளே இருந்தபோது ஒவ்வொரு நாளும் சாப்பாட்டுப் பார்சலோடு பொலிஸ் வாசலில் வந்து நின்றீர்கள். எண்பத்து மூன்றில் கடையை எரித்த அன்றுகூட நீங்கள் அழுது நான் காணவில்லை. என்னை வெளியே விட்ட அன்று அந்த வாசலில் வைத்து அழுதீர்கள். இனி என்னால் உங்களுக்கு அப்படி ஒரு நாள் வராது.

அத்தான் பஸ்ஸில் ஏற்றும்போது சொன்னது நினைவிருக்கிறது. எந்த நாட்டில் இறங்கினாலும் முதலில் ஒரு ஃபன்டா குடித்து, நம்முடைய கடையில் விற்பது போலவா, வேறா என்று எழுத வேண்டும். நாடு நாடாக நிறமும் ருசியும் மாறும் என்று வெள்ளைக்காரர் யாரோ அவருக்குச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். கட்டாயம் எழுதுகிறேன் என்று சொல்லுங்கள்.

உங்கள் ஆசி வேண்டும்,
தம்பி பாலேந்திரன்

*

டோட்முண்ட், ஜேர்மனி
04.11.1990

அன்புள்ள அக்கா, அத்தான்,

நான் நலமாக ஜேர்மனி வந்து சேர்ந்துவிட்டேன். பயணத்தில் ஒரு கஷ்டமும் இருக்கவில்லை. ராஜலிங்கம் அண்ணர் சொன்னபடி எல்லாம் நடந்தது. அவர் மிகவும் நம்பிக்கையானவர். தங்க இடமும் சாப்பாடும் உண்டு. விரைவில் வேலை கிடைக்கும். என்னைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். திருச்செல்வம் என்பவருடைய முகவரியைக் கீழே எழுதியிருக்கிறேன். அதற்குப் பதில் போடவும்.

அத்தான் கேட்டது. இங்கே ஃபன்டா ஒரேஞ்ச் நிறத்தில் மட்டுமில்லை. சிவப்பில் ஒன்று, பச்சையில் ஒன்று. சிவப்பு, குங்குமத்தைத் தண்ணீரில் கரைத்தது போன்ற சிவப்பு. ஸ்ட்ரோபெரி என்கிறார்கள், எனக்கென்றால் சின்ன வயதில் காய்ச்சலுக்குத் தருகிற இனிப்பு மருந்தின் ருசி. பச்சை அதைவிட நல்லது. என்ன பழம் என்று நாக்கால் கண்டுபிடிக்க முடியாது, ஆனால் கிரீம் சோடாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. போத்தலைக் கையில் தரமாட்டார்கள். பொலித்தீன் பையில் நொறுக்கிய ஐஸைப் போட்டு, அதற்குள் ஊற்றி, இறப்பர் பட்டியால் வாயைக் கட்டி, ஒரு ஸ்ட்ரோவைச் செருகித் தருவார்கள். விரலில் கொழுவிக்கொண்டு நடந்து நடந்து குடிக்கலாம். போத்தல் திரும்பி வரவில்லையே என்று அத்தான் ஒரு நாளும் கத்தத் தேவையில்லை.

எல்லாருடைய சுகத்துக்கும் எழுதவும்.

அன்புத் தம்பி,
பாலேந்திரன்

*

கொட்டுகொடல்ல வீதி, கண்டி
02.12.1990

என் கண்ணான தம்பிக்கு,

உன் கடிதம் கண்டபின்தான் எனக்குச் சோறு இறங்கியது. நாங்கள் எல்லாரும் சுகம். மாமிக்கு மட்டும் மழைக்கு முழங்கால் உளைவு. உனக்கு இந்தக் குளிர் ஒத்துக்கொள்கிறதா? தலையை மூடிக்கொண்டு போ.

கடிதத்தை அத்தான் கடையில் வைத்து இரண்டு தரம் உரத்து வாசித்தார். பிறகு என்ன செய்தார் தெரியுமா? விலைப்பட்டியல் எழுதுகிற கரும்பலகையின் பாதியை அழித்துவிட்டு, "உலக ஃபன்டா" என்று தலைப்புப் போட்டார். முதல் வரி உன்னுடையது: "ஜேர்மனி - சிவப்பு, பச்சை (பையில்)". பூங்கா பார்க்க வந்த ஜப்பான்காரர் இருவர் குடிக்க வந்தபோது அவர்களைப் பிடித்துக் கேட்டு, "ஜப்பான் - திராட்சை, மெலன்" என்று எழுதினார். குவைத்திலிருந்து சண்டைக்குத் தப்பி வந்த கைரியாவும் ஒரு நாள் வந்தாள். கட்டுகஸ்தோட்டைப் பிள்ளை, முந்தி நம்மிடம் ஃபலூடா குடிக்க வருவாளே. அவள் வேலை செய்த வீட்டில் பெட்டி பெட்டியாக ஸ்ட்ரோபெரி ஃபன்டா இருக்குமாம். பாலைவனம் கடந்து ஜோர்தான் எல்லைக்கு வந்ததும் கூடாரத்தில் ஒரு ரின் ஃபன்டா கொடுத்தார்களாம். அது என்ன ருசி என்று அத்தான் கேட்டார். "சூடு" என்றாள். அதையும் அவர் எழுதினார்.

ஒரு முக்கிய விஷயம். யோகனும் போகப் போகிறேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். அத்தானுக்கும் தம்பியைத் தடுக்க மனமில்லை. யூன் மாதம் வடக்கில் திரும்பவும் சண்டை தொடங்கியதிலிருந்து அவனை வகுப்புக்கு விடவே பயமாக இருக்கிறது. மாமியும் "பாலன் போய்ச் சேர்ந்திட்டான்தானே, இவனை ஏன் வைச்சுக்கொண்டு மடியில நெருப்பைக் கட்டுறது" என்கிறா. ராஜலிங்கம் அண்ணர் போன கிழமை கடைக்கு வந்தார். உன் கடிதத்தை மற்றப் பெற்றோருக்குக் காட்ட வேண்டும் என்று கேட்டார். நல்லது நடந்ததைச் சொல்வதில் என்ன என்று கொடுத்தேன். போன வழி எப்படி, எத்தனை நாள் எடுத்தது, யோகனுக்கு என்னென்ன கொடுத்து அனுப்ப வேண்டும் என்று விவரமாக எழுது.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். அங்கே பனி கொட்டுகிற மாதம் என்று ரேடியோவில் சொல்கிறார்கள். ஐஸ் போட்டா குடிக்கிறாய்?

உன்னையே நினைத்திருக்கும்
அக்கா சரோஜினிதேவி

*

டோட்முண்ட், ஜேர்மனி
20.01.1991

அன்புள்ள அக்கா, அத்தான்,

உங்கள் கடிதம் கிடைத்தது. எல்லாருடைய சுகமும் அறிந்து சந்தோஷம். பதில் பிந்தியதற்கு மன்னிக்கவும். வேலை அதிகம்.

யோகனைப் பற்றி எழுதியிருந்தீர்கள். ராஜலிங்கம் அண்ணர் சொல்கிறபடி செய்யவும். அவர் நம்பிக்கையானவர். பயணத்தில் ஒரு கஷ்டமும் இல்லை.

அத்தானின் பலகைக்கு: இங்கே ஊதாவும் உண்டு. திராட்சை. பழத்தின் ருசி குறைவு, வாசம் அதிகம். குடித்தால் பல்லும் நாக்கும் ஊதாவாகி, சண்டை பிடித்துவிட்டு வந்தவன் போலத் தெரியும். கடைக்காரி ஐஸ் கட்டியைச் சாக்கில் சுற்றி மரச் சுத்தியலால் அடித்து உடைப்பாள். வாங்கிக்கொண்டு அறைக்கு வந்து சேர்வதற்குள் அவ்வளவும் கரைந்து நிறம் வெளிறிவிடும். அதனால் இப்போது கடையடியிலேயே நின்று குடித்துவிட்டு வருகிறேன்.

யோகன் படிப்பை முடிக்கட்டுமே என்று எனக்கு ஒரு எண்ணம்.

அன்புத் தம்பி,
பாலேந்திரன்

*

கண்டி
17.02.1991

தம்பி,

இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை. ஹபீல் நானாவின் கையில் கொடுத்துவிடுகிறேன். உன் கைக்குக் கிடைத்தால், நான் நினைத்தது சரி. கிடைக்காவிட்டால் நான் ஒரு பைத்தியம், அதற்காகச் சந்தோஷப்படுவேன்.

ஹபீல் நானாவை உனக்குத் தெரியும். மாணிக்கக்கல் வியாபாரி, தலதா வீதிக்காரர், வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து நம்மிடம் ஒரேஞ்ச் குடிப்பவர். இரண்டு மாதம் ஊரில் இல்லாமல் போன கிழமைதான் வந்தார். போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு பலகையை மேலிருந்து கீழே வாசித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, இந்த ஜேர்மனிண்டு எழுதியிருக்கிறது பிழை. நான் ஜேர்மனியில ஈடார்ண்ட ஊருக்கு ரெண்டு தரம் கல்லு கொண்டு போனவன். அங்கத்த ஃபன்டா எலுமிச்சந் தண்ணி மாதிரி வெளிறின மஞ்சள். சிவப்பும் பச்சையும் ஐஸோட பையில கட்டித் தாறது பாங்கொக்குல. அங்க வீட்டு வாசல்ல சின்னக் கோயில் மாதிரி ஒண்டு வெச்சி, அதுக்கு முன்னால இந்தச் சிவப்பு ஃபன்டாவத்தான் ஸ்ட்ரோ போட்டு வெச்சிருப்பாங்க" என்றார்.

நான் உள்ளே போய் உன் இரண்டாவது ஜேர்மனிக் கடிதத்தை எடுத்து வந்து காட்டினேன். சுத்தியலால் ஐஸ் உடைக்கிற கடைக்காரி வரைக்கும் வாசித்துவிட்டு, "தம்பி அங்கதான் இருக்கார்" என்றார்.

பாலா, பனியைப் பற்றி நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. ராஜலிங்கம் நம்பிக்கையானவர் என்று இரண்டு கடிதத்திலும் ஒரே வசனத்தில் எழுதியிருக்கிறாய். யாராவது சொல்லச் சொல்ல எழுதுகிறாயா? யோகன் படிக்கட்டும் என்று கடைசியில் ஒரு வரி மட்டும் உன் குரலில் கேட்டது.

யோகனுக்கு 25ஆம் திகதி பயணம் வைத்திருக்கிறார்கள். நான் அவனுடைய பாஸ்போட்டை எடுத்து அலுமாரியில் பூட்டிவிட்டேன். வீட்டில் பெரிய சண்டை. மாமி என்னைப் பார்த்து, "ஆரோ நானா சோடாவைப் பற்றி ஏதோ சொன்னாராம். அதுக்காக என்ர பிள்ளையின்ர பயணத்தை நிப்பாட்டுறதோ?" என்று கேட்டா. நான் அலுமாரிச் சாவியைக் கொடுக்கவில்லை. அத்தான் ஐந்து நாளாக என்னோடு கதைக்கவில்லை. பலகையையும் அழிக்கவில்லை.

பாங்கொக்கில் ஒரு மாரியம்மன் கோயில் இருக்கிறதாம். நம்முடைய பிள்ளைகள் வெள்ளிக்கிழமையில் அங்கே வருவார்களாம். கல்லுக் கடைகளும் அதே தெருவில்தானாம். ஹபீல் நானா திரும்பவும் வியாபாரத்துக்கு அங்கே போகும்போது அந்த வாசலில் வந்து நிற்கிறேன் என்று வாக்குத் தந்திருக்கிறார்.

எங்கே இருந்தாலும் நீ எனக்குத் தம்பிதான். உண்மையை எழுது.

அக்கா

*

பாங்கொக்
09.03.1991

என் அக்கா,

ஊரை விட்ட பிறகு நான் உங்களுக்கு எழுதுகிற முதல் கடிதம் இதுதான். முன்னே வந்த இரண்டும் என் கையெழுத்து, அவ்வளவுதான்.

நேற்று கோயில் வாசலில் ஹபீல் நானா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது ஓடப் பார்த்தேன். பொலிஸ் ஆள் என்று நினைத்தேன். "கொட்டுகொடல்ல வீதி சரோஜினிட தம்பி தானே" என்றார். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், தன் வியாபாரப் பங்காளியின் கல்லுக் கடையில் இருத்தி, சாப்பாடு எடுத்துத் தந்தார். நான் சாப்பிட்டு முடியும்வரை ஒன்றும் கேட்கவில்லை.

நான் ஜேர்மனிக்குப் போகவில்லை. கொழும்பில் ஏறிய விமானம் இங்கே இறங்கியது. இறங்கியதும் ராஜலிங்கத்தின் ஆள் ஒருவர் வந்து பாஸ்போட்டுகளை வாங்கிக்கொண்டார். நாங்கள் அவரை மனேஜர் என்கிறோம். ஒரு அறையில் பன்னிரண்டு பேர் இருக்கிறோம். கதவு பூட்டுவதில்லை. பூட்டத் தேவையில்லை. பாஸ்போட்டும் விசாவும் இல்லாமல் தெருவில் பிடிபட்டால் மறியலில் அடைத்துவிடுவார்கள். இரண்டு பேர் அப்படிப் போனார்கள்.

வந்து ஒரு மாதம் கழித்து மனேஜர் பேப்பரும் பேனையும் கொண்டுவந்தார். "ஜேர்மனிக்கு வந்து சேர்ந்திட்டம் எண்டு எல்லாரும் வீட்டுக்கு எழுதுங்கோ. எழுதின ஆக்களுக்குத்தான் அடுத்த பயணம்" என்றார். சொல்லச் சொல்ல எழுதினோம். அந்தக் கடிதங்கள் திருச்செல்வத்துக்குப் போய், அங்கிருந்து ஜேர்மனி முத்திரையோடு உங்களுக்கு வரும். உங்களுடைய டிசம்பர் கடிதமும் உடைத்து வாசித்த பிறகுதான் எனக்குக் கிடைத்தது. எங்களுக்கு முன்னே இருந்த ஐந்து பேரை ஒரு நாள் கூட்டிக்கொண்டு போனார். எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. அவர்களுடைய வீடுகளில் ஜேர்மனிக் கடிதம் இருக்கும்.

ஃபன்டாவைப் பற்றி என்ன எழுதுவது என்று மட்டும் மனேஜர் சொல்லவில்லை. வாசித்துச் சிரித்துவிட்டு, "உனக்கு விசர்" என்று விட்டுவிட்டார். நீங்கள் கண்டுபிடிப்பீர்கள் என்று நினைத்து நான் எழுதவில்லை, அக்கா. அந்தத் துணிவு எனக்கு இருக்கவில்லை. அத்தானுக்குச் சொன்ன சொல் ஒன்றையாவது பொய்யில்லாமல் எழுத வேண்டும் என்று இருந்தது. வேறொன்றும் இல்லை.

யோகன் வரப் போகிறான் என்று அந்த டிசம்பர் கடிதத்தில் வாசித்த அன்றிலிருந்து நான் சரியாகச் சாப்பிடவில்லை. அவன் வந்திருந்தால் என் கடிதத்தைப் பார்த்துத்தான் வந்திருப்பான். அவனை அனுப்பாதீர்கள்.

இந்தத் தாளின் பின்பக்கத்தில் மற்றப் பதினொரு பேருடைய வீட்டு விலாசமும் இருக்கிறது. அவர்களைக் கேட்டுத்தான் எழுதினேன். ஒவ்வொரு வீட்டுக்கும் உண்மையை நீங்கள் எழுத வேண்டும். இனி எனக்கு எழுதுவதை ஹபீல் நானாவின் பங்காளி கடைக்குப் போடுங்கள். யாரும் உடைக்க மாட்டார்கள்.

உங்களிடம் பொய் சொன்ன
தம்பி பாலன்

*

கண்டி
14.03.1991

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ உயிரோடு, கை கால் சுகத்தோடு இருக்கிறாய் என்று ஹபீல் நானா தன் வாயால் சொன்னார். அதுவே எனக்குப் பெரிது. நாங்களும் இருக்கிறோம்.

அத்தான் கடிதத்தை மாமிக்கு வாசித்துக் காட்டினார். பிறகு கடைக்குப் போய்ப் பலகையில் ஜேர்மனியை அழித்துவிட்டு, "பாங்கொக் - சிவப்பு, பச்சை, ஊதா" என்று எழுதினார். ஜேர்மனிக்கு ஹபீல் நானா சொன்ன வெளிறிய மஞ்சளைப் போட்டார். அன்றைக்குத்தான் என்னோடு கதைத்தார். "தேத்தண்ணி ஒண்டு போடுமன்" என்றார்.

யோகன் போகவில்லை. இப்போது வீட்டில் இல்லை. வந்ததும் எழுதச் சொல்கிறேன்.

பதினொரு வீட்டுக்கும் எழுதத் தொடங்கிவிட்டேன். யாழ்ப்பாணத்துக்குத் தபால் போகிற மாதிரி இல்லை. யாராவது போகும்போது கொடுத்துவிட வேண்டும். ஹேவாஹெட்டைக்கு நேரே போகலாம் என்று இருக்கிறேன். கொஞ்ச நாள் சுணங்கும்.

இப்போது அதிகம் எழுத நேரமில்லை. தெருவில் கவனம்.

அக்கா

*

பாங்கொக்
15.04.1991

அன்புள்ள அக்கா,

புது வருடத்துக்கு உங்கள் எல்லாருக்கும் என் வணக்கம். உங்களுடைய கடிதத்தைப் பத்துத் தரம் வாசித்துவிட்டேன். இவ்வளவு குறைவாக நீங்கள் எனக்கு எழுதியதே இல்லை. யோகன் வீட்டில் இல்லை என்றால் எங்கே? கொழும்பில் குண்டு வெடித்த பிறகு கண்டியிலும் தமிழ்ப் பெடியன்களை அள்ளிக்கொண்டு போனார்கள் என்று பங்காளி கடையில் கதைத்தார்கள். மறைக்காதீர்கள். மறைக்கிற கடிதம் எப்படி இருக்கும் என்று எழுதிப் பழகியவன் நான்.

மனேஜருக்குத் தெரியாமல் இப்போது அந்த ஐஸ் உடைக்கிற அம்மாவின் கடையில் பகலில் கிளாஸ் கழுவுகிறேன். அவவுக்கு என் பெயர் வாய்க்குள் வராது, "லங்கா" என்று கூப்பிடுவா. காலையில் கடை திறந்ததும் முதல் சிவப்புப் போத்தலை உடைத்து வாசலில் இருக்கிற சின்னக் கோயிலில் வைத்துக் கும்பிட்ட பிறகுதான் வியாபாரம். சாமிக்கு ஏன் ஒரேஞ்ச் வைப்பதில்லை என்று கையால் கேட்டேன். முகத்தைச் சுளித்தா. சாமிக்கும் பிடித்தது பிடிக்காதது உண்டாம்.

ஒரு கப்பல் மாலுமி அங்கே குடிக்க வருவார், கேரளத்துக்காரர். பிரேசிலில் பசன் ஃபுரூட் ருசியிலும் உண்டு என்றார். அத்தானிடம் சொல்லுங்கள். நான் குடிக்கவில்லை, கேள்விப்பட்டதுதான் என்றும் சொல்லுங்கள்.

யோகனைப் பற்றி எழுதுங்கள்.

காத்திருக்கும்
பாலன்

*

கண்டி
12.05.1991

என் அன்புத் தம்பி,

எங்கள் எல்லாருக்கும் சுகம். இந்த முறை உண்மையாகவே சுகம்.

நீ நினைத்தது சரி. மார்ச் 8ஆம் திகதி வகுப்பால் வரும்போது யோகனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். நான் உனக்கு எழுதியபோது அவன் உள்ளே இருந்தான். திரும்பவும் அதே வாசல், அதே சாப்பாட்டுப் பார்சல். முதல் நாள் மாமி என் முகத்தைப் பார்த்து, "நீ மறிக்காட்டி இண்டைக்கு அவன் வெளிநாட்டில நிண்டிருப்பான்" என்றா. அவ சொன்னதில் என்ன பிழை? நான் பூட்டி வைத்தேன், அவனைப் பிடித்தார்கள். உன் கடிதத்தை ஹபீல் நானா கொண்டுவரும் வரைக்கும் அந்தச் சொல்லோடுதான் இருந்தேன். கடிதத்தை அத்தான் வாசித்து முடித்ததும் மாமி எழும்பி வந்து, பார்சல் கட்டுகிற வாழையிலையை என் கையிலிருந்து வாங்கினா. "நான் கட்டுறன், நீ சாப்பிடு" என்றா. ஒன்பதாம் நாள் பக்கத்துக் கடைச் சிங்களவர், பண்டார மாத்தயா, வந்து பொறுப்புக் கையெழுத்து வைத்து அவனை வெளியே எடுத்துத் தந்தார். யோகன் இப்போது கலகெதரையில் ஹபீல் நானாவின் மச்சானுடைய கடையில் நிற்கிறான். கதைபேச்சுக் குறைந்துவிட்டது. நித்திரையில் திடுக்கிடுகிறான். போயிருந்தாலும் கஷ்டம், நின்றும் கஷ்டம். எது சரியென்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அவன் எங்கே இருக்கிறான் என்று மட்டும் தெரியும்.

ராஜலிங்கம் பிறகு இந்தப் பக்கம் வரவில்லை. கொழும்பில் இருக்கிறாராம். உன் முதல் ஜேர்மனிக் கடிதம் இன்னும் அவருடைய கையில்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை ஹேவாஹெட்டைக்குப் போனேன். காளிமுத்துவின் தாய் வீரம்மா பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்தா. நான் யார் என்று சொன்னதும், ஜேர்மனிக்காரப் பிள்ளையின் அக்கா வந்திருக்கு என்று அக்கம்பக்கம் எல்லாம் கூடிவிட்டது. பொலித்தீனில் சுற்றி வைத்திருந்த கடிதத்தை எடுத்துக் காட்டினா. உன்னுடையதில் இருந்த அதே வசனங்கள். வாசிக்கத் தெரியாதாம். தோட்டத்து மாஸ்டரைக் கொண்டு கிழமைக்கு ஒருமுறை வாசித்துக் கேட்பாவாம்.

ஆட்கள் போகும்வரை இருந்து, மெதுவாகச் சொன்னேன்.

"உசுரோட இருக்கானா?" என்று கேட்டா.

"இருக்கிறார் அம்மா. என்ர தம்பியோடதான் இருக்கிறார்."

"அது போதும். செருமனியா இருந்தா என்ன, எங்கயா இருந்தா என்ன" என்று சொல்லிவிட்டுக் கடிதத்தைத் திரும்பவும் பொலித்தீனில் சுற்றினா. பிறகு, "சின்னவன் சின்னமுத்த அனுப்புனதும் இந்தக் காயிதத்த நம்பித்தாங்க. திங்கக்கெழம கொழும்புக்குப் போயிட்டான், எங்க தங்கியிருக்கான்னு தெரியாதுங்க" என்றா.

பாலா, நான் ஆறு நாள் பிந்திவிட்டேன். பஸ் இல்லை, ஊரடங்கு என்று எத்தனையோ சொல்லலாம். மார்ச்சிலேயே போயிருக்க வேண்டும். யோகனுக்காக ஓடித் திரிந்ததில் போகவில்லை. அவ எனக்குத் தேத்தண்ணி தந்து, ரோட்டு வரைக்கும் வந்து பஸ் ஏற்றிவிட்டா. ஒரு குறை சொல்லவில்லை.

சின்னமுத்துவுக்குப் பதினெட்டு வயது. மெல்லிய பிள்ளை, இடது புருவத்தில் தழும்பு என்று சொன்னா. அவனையும் அதே அறைக்குத்தான் கொண்டுவருவார்கள் என்று நினைக்கிறேன். பார்த்துக்கொள். நான் செய்யத் தவறியதை நீ செய்.

அக்கா

*

பாங்கொக்
03.06.1991

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும் மாமிக்கும் யோகனுக்கும்,

எல்லாரும் சுகம் என்ற கடிதம் கண்டு மனம் ஆறியது. நான் சுகம். இங்கே உள்ள எல்லாரும் சுகம். "இங்கே" எது என்று சொல்கிறேன்.

சின்னமுத்து மே 21ஆம் திகதி வந்து சேர்ந்தான். உங்கள் கடிதம் அதற்கு முதல் நாள்தான் கிடைத்திருந்தது. காளிமுத்துவிடம் நான் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். ஆனாலும் தம்பி கதவால் உள்ளே வந்தபோது அவன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுவிட்டான். தம்பி அண்ணனின் முதுகைக் கண்டதும் சிரித்தான். அதுவரை அண்ணன் ஜேர்மனியில் இருப்பதாகத்தான் நினைத்திருந்தான். இதுதான் ஜேர்மனியோ என்று ஒரு கணம் நினைத்தானாம். பிறகு சொன்னான்.

இந்த முறை மனேஜர் ஒரு மாதம் பொறுக்கவில்லை. கண்டியிலும் ஹேவாஹெட்டையிலும் கதை பரவியதால் ராஜலிங்கத்துக்கு ஆள் பிடிக்க முடியவில்லை போலும். மூன்றாம் நாளே பேப்பரைக் கொண்டுவந்து சின்னமுத்துவின் முன்னால் வைத்தார். "ஜேர்மனிக்கு வந்திட்டன், சுகம் எண்டு எழுது" என்றார். அவன் பேனையைக் கையில் எடுத்துவிட்டு அண்ணனைப் பார்த்தான். காளிமுத்து தரையைப் பார்த்தான்.

நான் எழும்பிப் போய்ப் பேனையை அவன் கையிலிருந்து வாங்கினேன். "இவர் எழுத மாட்டார். இனி நாங்களும் எழுத மாட்டம்" என்றேன்.

"அப்ப பாஸ்போட்டை மறந்திடுங்கோ" என்றார் மனேஜர்.

யாராவது இருந்து எழுதுவார்கள் என்று பயந்தேன், அக்கா. ஏழு மாதமாக அந்த அடுத்த பயணத்தை நம்பித்தானே எல்லாரும் கிடந்தோம். ஒருவரும் பேப்பரை எடுக்கவில்லை. மனேஜர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

மறுநாள் விடிந்ததும் பதின்மூன்று பேரும் அறையை விட்டு இறங்கினோம். இரண்டு இரண்டு பேராக, இடைவெளி விட்டு நடந்தோம். ஐ.நா. அகதிகள் அலுவலகம் எங்கே என்று பங்காளி கடையில் ஒரு வழிப்படம் கீறித் தந்திருந்தார்கள். மூன்று மணித்தியாலம் எடுத்தது. ஒரு சந்தியில் பொலிஸ்காரர் ஒருவர் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். மழை பிடித்துக்கொண்டது. அவர் ஒதுங்க, நாங்கள் போய்விட்டோம்.

அலுவலகத்தில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தார்கள். என் முறை வந்தபோது கண்டியில் பொலிஸ் உள்ளே வைத்திருந்த இருபத்து மூன்று நாளையும் சொன்னேன். இதற்கு முன் யாருக்கும் சொல்லாதது, உங்களுக்கும் சொல்லாதது. கேட்ட பெண் இடையிடையே எழுதுவதை நிறுத்தினா. ராஜலிங்கத்தின் பெயரையும் கொடுத்திருக்கிறேன். மற்றப் பன்னிரண்டு பேரும் கொடுத்தார்கள். படம் ஒட்டிய ஒரு காகிதமும் இலக்கமும் தந்திருக்கிறார்கள். ஏதாவது ஒரு நாடு எடுக்கும் என்றும், ஒரு வருடமும் ஆகலாம் இரண்டும் ஆகலாம் என்றும், அதுவரை பொலிஸ் பிடித்தால் இந்தக் காகிதம் காப்பாற்றும் என்று உறுதி இல்லை என்றும் சொன்னார்கள். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. அதுவே எங்களுக்குப் போதுமாக இருந்தது.

இப்போது பங்காளியின் கல்லுக் கடை மாடியில் இருக்கிறோம். எனக்கு வேலை அந்த அம்மாவின் கடையிலேயே தொடர்கிறது. சின்னமுத்துவையும் கூட்டிக்கொண்டு போகிறேன். முதல் நாள் அவனுக்குப் பச்சை வாங்கிக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு மீதியை அண்ணனுக்குக் கொண்டுபோனான்.

நேற்று அவன் என்னிடம் பேப்பர் கேட்டான். அம்மாவுக்கு எழுத வேண்டுமாம். பேனையைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தான்.

"என்னண்ணே எழுதுறது?" என்றான்.

"எங்கே இருக்கிறாய் எண்டு எழுது" என்றேன்.

எழுதிக் கொடுத்ததை இத்துடன் வைத்திருக்கிறேன். தபாலில் போட வேண்டாம், அக்கா. நீங்களே ஹேவாஹெட்டைக்குக் கொண்டுபோய் வீரம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

உங்கள்
பாலேந்திரன்

(இத்துடன் வைத்த தாள்)

அம்மாவுக்கு, சின்னமுத்து எழுதுறது. நான் பாங்கொக்குல இருக்கேன். அண்ணனும் எங்கூடத்தான் இருக்கு. நாங்க இன்னும் எங்கயும் போய்ச் சேரல. இன்னைக்குச் சோறும் மீனும் சாப்பிட்டோம்.